புரதக் கரைசல்களில் பாய்வு இரட்டை ஒளிவிலகலும் பிசுக்குமையும்

பாய்வு இரட்டை ஒளிவிலகல் என்பது, ஓய்வில் இருக்கும்பொழுது எல்லாத் திசைகளிலும் ஒரே தன்மை கொண்ட ஒரு நீர்மம் அல்லது கரைசல், பாயும்பொழுது மட்டும் படிகத்தைப் போல இரண்டு ஒளிவிலகல் எண்களைப் பெறும் நிகழ்வு ஆகும். பாய்வு நின்றதும் இத்தன்மை மறைந்துவிடும். கரைசலில் நீண்ட வடிவமுடைய துகள்கள் இருந்தால் இந்நிகழ்வு வலுவாகத் தோன்றும். பிசுக்குமை (பாகுநிலை) என்பது ஒரு நீர்மம் பாய்வதற்குக் காட்டும் தடையின் அளவு ஆகும். இதுவும் கரைந்துள்ள துகள்களின் வடிவத்தைப் பொறுத்து மாறும். இவ்விரு அளவீடுகளும் இணைந்து, 1930கள் முதல் 1950கள் வரை, புரத மூலக்கூறுகள் உருண்டையா நீண்டவையா, நீண்டவையானால் எவ்வளவு நீளம் என்பதை அறிய உதவிய முதன்மையான முறைகளுள் ஒன்றாக விளங்கின. தசைப் புரதமான மயோசின் பற்றிய ஆய்வுகளில் இம்முறை பெற்ற வெற்றியும், அதன் முடிவுகளுக்குத் தரப்பட்ட விளக்கம் பின்னர் மாறியதும் உயிர்வேதியியல் வரலாற்றில் குறிப்பிடத்தக்கவை.

அடிப்படைக் கருத்து

நீரில் கரைந்துள்ள எந்த மூலக்கூறும் அசையாமல் இருப்பதில்லை. சுற்றியுள்ள நீர் மூலக்கூறுகள் ஓயாமல் மோதுவதால் அது இடம் பெயர்ந்துகொண்டும் சுழன்றுகொண்டும் இருக்கும். இதற்குப் பிரௌனியன் இயக்கம் என்று பெயர். இதனால் ஓய்விலுள்ள கரைசலில் நீண்ட மூலக்கூறுகள் எல்லாத் திசைகளையும் நோக்கிச் சிதறிக் கிடக்கும். ஒளி எந்தப் பக்கத்திலிருந்து நுழைந்தாலும் ஒரே வகையான சூழலையே காணும்.

கரைசலைப் பாயச் செய்தால் நிலைமை மாறுகிறது. ஒரு நீர்மம் சுவரை ஒட்டிப் பாயும்பொழுது சுவரருகே உள்ள படலம் மெதுவாகவும், விலகியுள்ள படலங்கள் விரைவாகவும் நகரும். அடுத்தடுத்த படலங்களுக்கு இடையே உள்ள இவ்வேக வேறுபாட்டின் அளவு திசைவேகச் சரிவு எனப்படும். இதன் அலகு ஒரு நொடியின் தலைகீழ் ஆகும். இரு படலங்களுக்குக் குறுக்கே கிடக்கும் ஒரு நீண்ட துகளின் ஒரு முனை விரைவாகவும் மறுமுனை மெதுவாகவும் இழுக்கப்படுவதால் துகள் திரும்புகிறது. பாய்வின் திசைக்கு இணையாக வந்ததும் இரு முனைகளின் வேகமும் ஏறத்தாழ ஒன்றாகிவிடுவதால் அந்நிலையிலேயே நீண்ட நேரம் தங்குகிறது. ஆற்றில் மிதந்துவரும் மூங்கில்கள் நீரோட்டத்தின் போக்கிலேயே பெரும்பாலும் கிடப்பதைப் போன்றது இது.

ஆகவே பாயும் கரைசலில் இரண்டு விளைவுகள் ஒன்றையொன்று எதிர்க்கின்றன. பாய்வு, துகள்களை ஒழுங்குபடுத்துகிறது. பிரௌனியன் இயக்கம் அவ்வொழுங்கைக் கலைக்கிறது. எது மேலோங்கும் என்பதை ஒரே ஒரு விகிதம் தீர்மானிக்கிறது. திசைவேகச் சரிவை, துகளின் சுழற்சி விரவல் கெழுவால் வகுத்துக் கிடைப்பதே அவ்விகிதம். சுழற்சி விரவல் கெழு என்பது, தானாகச் சுழன்று திசை மாறும் போக்கு ஒரு துகளுக்கு எவ்வளவு உள்ளது என்பதைக் காட்டும் எண் ஆகும்.

நீண்ட துகள்களுக்கு இக்கெழு, நீளத்தின் மும்மடிக்கு ஏறக்குறைய எதிர்விகிதத்தில் அமையும். நீளம் இருமடங்கானால் கெழு ஏறத்தாழ எட்டில் ஒரு பங்காகக் குறையும். இம்முறை நீளத்தைக் காண்பதில் கூர்மையாக இருப்பதற்கு இதுவே காரணம். கெழுவை அளப்பதில் 10 விழுக்காடு பிழை நேர்ந்தாலும், அதிலிருந்து பெறும் நீளத்தில் ஏறத்தாழ 3 விழுக்காடு பிழையே ஏற்படும்.

பிசுக்குமை அளவீடு

உருண்டையான துகள்கள் மிதக்கும் நீர்த்த கரைசல் ஒன்றின் பிசுக்குமையை ஆல்பர்ட் ஐன்ஸ்டைன் 1906 ஆம் ஆண்டில் கணக்கிட்டார். அக்கணக்கில் இருந்த பிழையை 1911 ஆம் ஆண்டில் திருத்தினார். திருத்திய முடிவு பின்வருமாறு:

கரைசலின் பிசுக்குமை = கரைப்பானின் பிசுக்குமை × (1 + 2.5 × துகள்கள் அடைக்கும் கனஅளவின் பின்னம்)

இச்சமன்பாட்டில் துகளின் ஆரம் இடம்பெறவில்லை என்பது கவனிக்கத்தக்கது. உருண்டைகள் பெரியவையாயினும் சிறியவையாயினும், அவை அடைக்கும் மொத்தக் கனஅளவு மட்டுமே பிசுக்குமையைத் தீர்மானிக்கிறது. ஆனால் துகள் நீண்டதாக இருந்தால் 2.5 என்னும் எண் மிகவும் கூடிவிடும். நீள்வட்டத் திண்மம் ஒன்று பாயும் நீர்மத்தில் எவ்வாறு இயங்கும் என்பதை 1922 ஆம் ஆண்டில் ஜெஃப்ரி ஆராய்ந்தார். பிரௌனியன் இயக்கம் மேலோங்கிய நிலையில் நீள்வட்டத் திண்மங்களுக்கு அவ்வெண் எவ்வளவு என்பதை 1940 ஆம் ஆண்டில் ராபர்ட் சிம்ஹா கணக்கிட்டார்.

அளவீடு பெரும்பாலும் ஓஸ்ட்வால்ட் வகைக் கண்ணாடிப் பிசுக்குமைமானியில் செய்யப்படுகிறது. குறிப்பிட்ட கனஅளவுள்ள கரைசல் ஒரு நுண்குழாய் வழியே இறங்க எடுத்துக்கொள்ளும் நேரமும், தூய கரைப்பான் எடுத்துக்கொள்ளும் நேரமும் ஒப்பிடப்படுகின்றன. நீரின் பிசுக்குமை அறை வெப்பநிலையில் ஒவ்வொரு பாகைக்கும் ஏறத்தாழ 2 விழுக்காடு மாறும் என்பதால், கருவியை வெப்பநிலை மாறாத நீர்த்தொட்டியில் அமிழ்த்தியே அளக்க வேண்டும்.

புரதத்தின் செறிவைப் படிப்படியாகக் குறைத்து அளந்து, செறிவு சுழியாகும்பொழுது ஒரு கிராம் புரதத்துக்குரிய பிசுக்குமை உயர்வு எவ்வளவு என்று கணித்தால் கிடைப்பது உள்ளார்ந்த பிசுக்குமை ஆகும். சில புரதங்களுக்கும் ஒரு வைரசுக்கும் இதன் மதிப்பு ஏறத்தாழப் பின்வருமாறு (மில்லிலிட்டர்/கிராம்):

ரைபோநியூக்ளியேசு – 3.3
ஹீமோகுளோபின் – 3.6
குருதிநீர் ஆல்புமின் – 3.7
ஃபைப்ரினோஜன் – 27
புகையிலைத் தேமல் நோய் வைரசு – 37
மயோசின் – 217
கொலாஜன் – 1150

ஒரு கிராம் உலர்ந்த புரதம் ஏறத்தாழ 0.73 மில்லிலிட்டர் இடத்தை அடைக்கும். அதை 2.5 ஆல் பெருக்கினால் 1.8 மட்டுமே கிடைக்கும். முதல் மூன்று புரதங்களின் மதிப்பு இதைப்போல் இருமடங்காக இருப்பதற்கு, அவற்றோடு ஒட்டிச் செல்லும் நீரும், அவை முழுமையான உருண்டைகள் அல்ல என்பதும் காரணங்கள். ஆயினும் அவற்றின் மூலக்கூற்று எடைகள் பெரிதும் வேறுபட்டபோதும் மதிப்புகள் நெருங்கி இருப்பது, அவை மூன்றும் கச்சிதமாக மடிந்த உருண்டை வகைப் புரதங்கள் என்பதைக் காட்டுகிறது. மயோசினும் கொலாஜனும் நீண்ட கோல்கள் என்பதை அவற்றின் உயர்ந்த மதிப்புகள் காட்டுகின்றன.

நீண்ட துகள்கள் உள்ள கரைசல்களில் இன்னொரு தன்மையும் காணப்படும். திசைவேகச் சரிவு கூடக்கூடத் துகள்கள் பாய்வின் போக்கில் ஒழுங்குபடுவதால் தடை குறையும். ஆகவே விரைவாகப் பாயச் செய்தால் பிசுக்குமை குறைந்து காணப்படும். இது பிறழ்ச்சிப் பிசுக்குமை எனப்படுகிறது. இதுவும் பாய்வு இரட்டை ஒளிவிலகலும் ஒரே ஒழுங்கமைவின் இரு வெளிப்பாடுகள் ஆதலால், இரண்டையும் ஒரே கருவியில் சேர்த்து அளப்பது பயனுள்ளதாகும்.

இரட்டை ஒளிவிலகல் அளவீடு

இதற்குரிய கருவி ஒன்றனுள் ஒன்றாக அமைந்த இரண்டு உருளைகளைக் கொண்டது. மொரீசு கூவெட் 1890 ஆம் ஆண்டில் பிசுக்குமையை அளக்கப் பயன்படுத்திய அமைப்பின் வழிவந்தது இது. உருளைகளுக்கு இடையே உள்ள குறுகிய இடைவெளியில் கரைசல் ஊற்றப்படுகிறது. ஓர் உருளை நிலையாக இருக்க மற்றது சுழலும். எடுத்துக்காட்டாக, 2.5 செ.மீ ஆரமுள்ள உருளை நிமிடத்துக்கு 600 முறை சுழன்று, இடைவெளி 0.5 மி.மீ ஆக இருந்தால், திசைவேகச் சரிவு நொடிக்கு ஏறத்தாழ 3,100 ஆகும். உள்ளுருளையை மிக விரைவாகச் சுழற்றினால் பாய்வில் சுழல்கள் தோன்றும் என்பதை ஜி. ஐ. டெய்லர் 1923 ஆம் ஆண்டில் விளக்கினார். வெளியுருளையைச் சுழற்றினால் இச்சிக்கல் குறையும்.

முனைவாக்கப்பட்ட ஒளி, உருளைகளின் அச்சுக்கு இணையாகக் கரைசல் வழியே அனுப்பப்படுகிறது. கீழே முனைவாக்கியும் மேலே பகுப்பியும் ஒன்றுக்கொன்று செங்குத்தாக வைக்கப்படுகின்றன. உருளை நிற்கும்பொழுது பார்வைப் பரப்பு இருண்டிருக்கும். உருளை சுழலத் தொடங்கியதும் வளைய வடிவ இடைவெளி ஒளிரும். ஆனால் அதில் நான்கு இடங்கள் மட்டும் இருண்டு, ஒரு சிலுவை போலத் தோன்றும். அவ்விடங்களில் துகள்களின் சராசரித் திசை, முனைவாக்கியின் அல்லது பகுப்பியின் திசையோடு ஒத்திருப்பதே இதற்குக் காரணம்.

இதிலிருந்து இரண்டு அளவுகள் பெறப்படுகின்றன.

முதலாவது, மறைவுக் கோணம். இது துகள்களின் சராசரித் திசைக்கும் பாய்வின் திசைக்கும் இடையே உள்ள கோணம் ஆகும். மிக மெதுவான பாய்வில் இது 45 பாகையாக இருக்கும். வேகம் கூடக்கூடக் குறைந்து சுழியை நெருங்கும். திசைவேகச் சரிவும் சுழற்சி விரவல் கெழுவும் சமமாக இருக்கும்பொழுது, நீண்ட துகள்களுக்கு இது ஏறத்தாழ 40 பாகை ஆகும். எனவே கோணத்தை அளந்தால் கெழுவையும், கெழுவிலிருந்து நீளத்தையும் கணிக்கலாம்.

இரண்டாவது, இரட்டை ஒளிவிலகலின் அளவு. இது இரு ஒளிவிலகல் எண்களுக்கு இடையே உள்ள வேறுபாடு. இவ்வேறுபாடு மிகச் சிறியது. கரைசலில் 5 செ.மீ தொலைவு செல்லும் ஒளிக்கு, ஒரு கோடியில் ஒரு பங்கு வேறுபாடு 5 நானோமீட்டர் அளவே பின்னடைவு தரும். பாதரச விளக்கின் பச்சை ஒளியின் அலைநீளமான 546 நானோமீட்டரில் இது நூறில் ஒரு பங்கினும் குறைவு. ஆயினும் கால் அலைத் தகடு கொண்ட ஈடுசெய்யும் அமைப்பால் இதை அளக்க முடியும். இவ்வளவு கரைசலின் செறிவையும் துகளின் ஒளியியல் தன்மையையும் பொறுத்தது. நீண்ட அச்சின் வழியே ஒளிவிலகல் எண் கூடுதலாக இருந்தால் நேர்க்குறியும், குறைவாக இருந்தால் எதிர்க்குறியும் பெறும்.

எல்லாப் புரதங்களுக்கும் இம்முறை பயன்படுவதில்லை. நீரில் குருதிநீர் ஆல்புமினின் சுழற்சி விரவல் கெழு நொடிக்குச் சில பத்து இலட்சங்கள். ஃபைப்ரினோஜனுக்கு ஏறத்தாழ 40,000. புகையிலைத் தேமல் நோய் வைரசுக்குச் சில நூறுகள் மட்டுமே. மேலே கூறிய 3,100 என்னும் திசைவேகச் சரிவில் வைரசு நன்கு ஒழுங்குபடும். ஃபைப்ரினோஜன் சிறிதளவே திரும்பும். ஆல்புமின் பாய்வை உணராதது போலவே இருக்கும். கரைசலில் கிளிசரால் சேர்த்துப் பிசுக்குமையைப் பத்து மடங்காக்கினால் கெழு பத்தில் ஒரு பங்காகும். அப்பொழுது ஃபைப்ரினோஜனும் அளக்கத்தக்க கோண மாற்றத்தைக் காட்டும்.

தொடக்க கால வரலாறு

ஜேம்சு கிளார்க் மாக்சுவெல், கனடா பால்சம் என்னும் பிசின் நீர்மத்தைக் கிளறும்பொழுது அது இரட்டை ஒளிவிலகல் காட்டுவதைக் கண்டு, 1873–74 இல் இலண்டன் அரச கழகத்தின் நடவடிக்கைகளில் வெளியிட்டார். தூய நீர்மங்களில் இந்நிகழ்வு எவ்வாறு தோன்றுகிறது என்பதற்கான ஒரு கோட்பாட்டைச் ச. வெ. இராமனும் கா. சீ. கிருஷ்ணனும் 1928 ஆம் ஆண்டில் வெளியிட்டனர்.

புரதங்களில் இம்முறையைச் சீராகப் பயன்படுத்தியவர்கள் அலெக்சாண்டர் ஃபொன் முரால்ட், ஜான் எட்சால் ஆகிய இருவர். ஆர்வர்டு மருத்துவப் பள்ளியில் தசையிலிருந்து பிரித்தெடுத்த மயோசின் கரைசலை ஆராய்ந்து 1930 ஆம் ஆண்டில் முடிவுகளை வெளியிட்டனர். தசை நாரில் மாறி மாறி அமைந்த பட்டைகளுள் ஒரு வகை வலுவான இரட்டை ஒளிவிலகல் கொண்டது என்பது 19 ஆம் நூற்றாண்டிலேயே அறியப்பட்டிருந்தது. கரைசலிலும் அதே தன்மை காணப்பட்டதால், அப்பட்டைகளின் ஒளியியல் தன்மைக்கு நீண்ட மயோசின் துகள்களே காரணம் என்னும் கருத்து வலுப்பெற்றது. எட்சாலும் மெலும் 1940 ஆம் ஆண்டில், யூரியா, குவானிடின் உப்புகள் போன்றவை மயோசினின் இத்தன்மையை அழித்துவிடுவதைக் காட்டினர். இயல்பு கெடும் புரதம் தன் வடிவத்தையும் இழக்கிறது என்பதற்கு இது ஒரு சான்றாயிற்று.

இதே காலத்தில், தேமல் நோய் கண்ட புகையிலைச் செடியின் சாறு பாயும்பொழுது இரட்டை ஒளிவிலகல் காட்டுவதையும், நோயற்ற செடியின் சாறு அவ்வாறு காட்டாததையும் தக்காகாசியும் ராலின்சும் கண்டறிந்தனர். வைரசை மின்னணு நுண்நோக்கியில் எவரும் பார்ப்பதற்கு முன்னரே, அது நீண்ட கோல் வடிவினது என்பதற்கான குறிப்பு இவ்வாறு கிடைத்தது. அக்கோலின் நீளம் 300 நானோமீட்டர் என்றும் அகலம் 18 நானோமீட்டர் என்றும் பின்னர் உறுதியாயிற்று. சிக்னர், காசுபெர்சன், அம்மர்சுடென் ஆகியோர் 1938 ஆம் ஆண்டில் டி.என்.ஏ கரைசலில் வலுவான எதிர்க்குறி இரட்டை ஒளிவிலகலைக் கண்டு, மூலக்கூறு அகலத்தைப்போல் ஏறத்தாழ 300 மடங்கு நீளமானது என்றும், அதன் தட்டையான காரங்கள் நீள அச்சுக்குச் செங்குத்தாக உள்ளன என்றும் கருதினர்.

கேம்பிரிட்ஜ் ஆய்வுகள்

1939 ஆம் ஆண்டில் மாசுகோவில் எங்கல்கார்ட்டும் லியூபிமோவாவும் ஒரு முக்கியமான செய்தியை வெளியிட்டனர். தசைக்கு ஆற்றல் வழங்கும் அடினோசின் முப்பாஸ்பேட்டு (ஏ.டி.பி) என்னும் சேர்மத்தைச் சிதைக்கும் நொதித்திறன் மயோசினிடமே காணப்படுகிறது என்பதே அச்செய்தி. அதுவரை தசையின் கட்டமைப்புப் பொருளாக மட்டும் கருதப்பட்ட புரதம், ஆற்றலை வெளியிடும் நொதியாகவும் தோன்றியது. அப்படியானால் ஏ.டி.பி சேரும்பொழுது மயோசினின் வடிவம் மாறுகிறதா என்னும் வினா எழுந்தது.

இவ்வினாவைச் சோதிக்கத்தக்க கருவி கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் இருந்தது. அங்கு ஜோசப் நீதாம், டோரதி நீதாம், லாரன்சு, சீனாவிலிருந்து வந்திருந்த சென் சிசாங் ஆகியோர் பிறழ்ச்சிப் பிசுக்குமையையும் பாய்வு இரட்டை ஒளிவிலகலையும் ஒருங்கே அளக்கும் உருளைக் கருவியைப் பயன்படுத்திவந்தனர். கருவில் உருவம் தோன்றுவதற்கு நீண்ட மூலக்கூறுகளின் ஒழுங்கமைவு பங்களிக்கிறதா என்பதும் ஜோசப் நீதாமின் ஆர்வத்துக்குரிய வினாக்களுள் ஒன்று.

அவர்கள் 1941 ஆம் ஆண்டில் நேச்சர் இதழில் வெளியிட்ட முடிவு சுருக்கமானது. மயோசின் கரைசலில் சிறிதளவு ஏ.டி.பி சேர்த்ததும் பாய்வு இரட்டை ஒளிவிலகல் பெரிதும் குறைந்தது. பிசுக்குமையும் குறைந்தது. நொதித்திறனால் ஏ.டி.பி சிதைந்து தீர்ந்ததும் கரைசல் பழைய நிலைக்குத் திரும்பியது. இவ்வாறு மீளக்கூடிய மாற்றமாக இருந்ததால், இது புரதம் கெட்டுப்போனதன் விளைவு அன்று என்பது தெளிவு. சுருங்கும் உறுப்பின் முதன்மைப் புரதமும், அதற்கு ஆற்றல் தரும் சேர்மமும் சோதனைக் குழாயில் ஒன்றையொன்று நேரடியாகப் பாதிப்பது அளவீட்டில் தெரிந்தது.

இதற்கு இயல்பாகத் தோன்றிய விளக்கம், மயோசின் மூலக்கூறு ஏ.டி.பியோடு சேர்ந்து தானே சுருங்குகிறது அல்லது சுருள்கிறது என்பதாகும். மயோசினைச் சுருங்கும் நொதி எனக் கருதும் எண்ணம் இவ்வாறு உருவாயிற்று. இக்குழுவினரின் விரிவான ஆய்வுகள் 1944 ஆம் ஆண்டில் பொது உடலியங்கியல் ஆய்விதழில் மூன்று கட்டுரைகளாக வெளிவந்தன.

விளக்கம் மாறிய விதம்

அளவீடு கூறியது, கரைசலில் உள்ள துகள்களின் ஒழுங்கமைவு குறைந்தது என்பதை மட்டுமே. அதற்குக் குறைந்தது இரண்டு காரணங்கள் இருக்கலாம். ஒன்று, ஒவ்வொரு மூலக்கூறும் குட்டையாகியிருக்கலாம். மற்றொன்று, பல மூலக்கூறுகள் சேர்ந்து உருவான நீண்ட கூட்டுத்துகள்கள் பிரிந்திருக்கலாம். இரு நிகழ்வுகளிலும் இரட்டை ஒளிவிலகலும் பிசுக்குமையும் ஒரே வகையில் குறையும். இவ்வளவீடுகளை மட்டும் கொண்டு இரண்டையும் வேறுபடுத்த இயலாது.

வேறுபடுத்தும் வழி அங்கேரியின் செகெடு நகரிலிருந்து வந்தது. அங்கு ஆல்பர்ட் சென்ட்-ஜியார்ஜியின் ஆய்வகத்தில் இலோனா பங்கா, அரைத்த தசையை உப்புக் கரைசலில் ஊறவைத்து மயோசின் எடுத்தார். ஏறத்தாழ 20 நிமிடங்களில் எடுத்த சாறு பிசுக்குமை குறைந்ததாக இருந்தது. இரவு முழுவதும் ஊறிய சாறு மிகவும் கெட்டியாக இருந்தது. முன்னதில் ஏ.டி.பி சேர்த்தால் பெரிய மாற்றம் இல்லை. பின்னதில் சேர்த்தால் பிசுக்குமை சட்டெனக் குறைந்தது. இவை முறையே மயோசின் 'அ', மயோசின் 'ஆ' எனலாம். இரண்டும் ஒரே புரதமானால் இவ்வேறுபாடு தோன்றக் காரணமில்லை.

இவ்வேறுபாட்டுக்குக் காரணமான இரண்டாவது புரதத்தை அதே ஆய்வகத்தைச் சேர்ந்த புரூனோ சுட்ராப் 1942 ஆம் ஆண்டில் பிரித்தெடுத்தார். அதற்கு ஆக்டின் என்று பெயரிடப்பட்டது. நீண்ட நேரம் ஊறும்பொழுது ஆக்டினும் சாற்றில் இறங்கி மயோசினோடு பிணைந்து ஆக்டோமயோசின் என்னும் நீண்ட கூட்டுத்துகளாகிறது. ஏ.டி.பி சேர்ந்ததும் அப்பிணைப்பு விடுபடுகிறது. அதுவரை மயோசின் என்று அழைக்கப்பட்ட பல கரைசல்கள் உண்மையில் ஆக்டோமயோசின் என்பது இதனால் விளங்கியது. போர்க்காலமாதலால் செகெடு ஆய்வுகள் பிற நாடுகளில் பரவலாக அறியப்பட 1945 க்குப் பின்னரே வாய்ப்பு ஏற்பட்டது.

தசை நாரிலும் இவ்விளக்கமே பொருந்தியது. 1954 ஆம் ஆண்டில் ஆன்ட்ரூ அக்சிலியும் நீடர்கெர்கெயும் ஒரு புறமும், இயூ அக்சிலியும் ஜீன் ஆன்சனும் மறுபுறமும், தசை சுருங்கும்பொழுது மயோசின் இழைகளின் நீளம் மாறுவதில்லை என்றும், ஆக்டின் இழைகள் அவற்றினிடையே நழுவிச் செல்கின்றன என்றும் காட்டினர். இது நழுவும் இழைக் கோட்பாடு எனப்படும். 1971 ஆம் ஆண்டில் லிம், டெய்லர் ஆகியோர், ஏ.டி.பி மயோசினோடு இணைந்ததும் மயோசின் ஆக்டினிலிருந்து விரைவாக விடுபடுகிறது என்றும், சிதைவு அதன் பின்னரே நிகழ்கிறது என்றும் நிறுவினர். 1941 இல் கேம்பிரிட்ஜில் அளக்கப்பட்ட இரட்டை ஒளிவிலகல் வீழ்ச்சி, இந்த விடுபடுதலின் வெளிப்பாடே ஆகும். அளவீடு சரியாகவே இருந்தது. கரைசலில் எந்தத் துகள் இருந்தது என்பதே பின்னர் தெளிவாயிற்று.

ஆக்டினும் ஃபைப்ரினோஜனும்

ஆக்டின் ஆய்வில் இம்முறை மீண்டும் பயன்பட்டது. உப்புக் குறைந்த கரைசலில் ஆக்டின் உருண்டையான தனி மூலக்கூறுகளாக இருக்கும். உப்புச் சேர்த்ததும் அவை கோத்து நீண்ட இழைகளாகும். தனி மூலக்கூறுகள் பாய்வு இரட்டை ஒளிவிலகல் காட்டுவதில்லை. இழைகள் வலுவாகக் காட்டுகின்றன. எனவே இழையாகிய ஆக்டினின் அளவை ஒளியைக் கொண்டே கணிக்கலாம். 1950களின் இறுதியில் சப்பானின் நகோயாவில் ஃபுமியோ ஓசாவாவும் அவருடைய குழுவினரும் இவ்வழியில் ஆராய்ந்து, ஒரு குறிப்பிட்ட செறிவுக்கு மேல் மட்டுமே இழைகள் தோன்றுகின்றன என்று காட்டினர். ஆவி ஒரு வரம்பைக் கடந்ததும் நீர்த்துளியாவதை ஒத்தது இது.

குருதி உறைவதற்குக் காரணமான ஃபைப்ரினோஜனை எட்சால், ஃபாசுடர், சைன்பெர்க் ஆகியோர் 1947 ஆம் ஆண்டில் ஆராய்ந்து, அதன் நீளம் 60 நானோமீட்டருக்கும் கூடுதல் என மதிப்பிட்டனர். 1959 ஆம் ஆண்டில் ஆல், சுலேட்டர் ஆகியோர் மின்னணு நுண்நோக்கியில் பார்த்தபொழுது அது மூன்று முடிச்சுகள் கொண்ட, 47.5 நானோமீட்டர் நீளமுள்ள துகளாகத் தெரிந்தது. கணக்கீட்டில் துகள் வழுவழுப்பான நீள்வட்டத் திண்மமாகக் கொள்ளப்பட்டது. உண்மையான மூலக்கூற்றின் வடிவமோ வேறு. ஆயினும் கண்ணால் காணாத ஒரு மூலக்கூற்றின் நீளம் ஏறக்குறைய ஒன்றரை மடங்குக்குள் மதிப்பிடப்பட்டது.

இக்கணக்கீடுகளுக்கு உதவிய எண் அட்டவணைகளை செராகா, எட்சால், காட் ஆகியோர் 1951 ஆம் ஆண்டில் வெளியிட்டனர். பீட்டர்லின், சுடூவர்ட் ஆகியோரின் கோட்பாட்டைப் பல வடிவங்களுக்கும் வேகங்களுக்கும் எண்ணளவில் தீர்க்க, ஆர்வர்டு பல்கலைக்கழகத்தின் தொடக்க காலக் கணிப்பொறி பயன்படுத்தப்பட்டது.

முறையின் வரம்புகள்

* கலவைக் கரைசல்: வெவ்வேறு நீளமுள்ள துகள்கள் கலந்திருந்தால், மெதுவான பாய்வில் மிக நீண்டவையே மேலோங்கித் தெரியும், வேகம் கூடும்பொழுது குட்டையானவையும் பங்கேற்கும். வேகத்தைப் பொறுத்துக் கணித்த நீளம் மாறினால் கரைசல் சீரற்றது என்று அறியலாம்.
* மேற்பரப்புப் படலம்: புரதங்கள் காற்றைத் தொடும் பரப்பில் மெல்லிய படலமாகத் திரளும். உருளைக் கருவியில் இப்படலத்தின் தடையும் சேர்ந்து அளக்கப்பட்டால் பிசுக்குமை பொய்யாக உயர்ந்து தெரியும். காப்பு வளையம் அமைத்து இதைத் தவிர்க்க வேண்டும்.
* வடிவால் தோன்றும் இரட்டை ஒளிவிலகல்: துகளுக்கும் கரைப்பானுக்கும் ஒளிவிலகல் எண் வேறுபட்டால், உள்ளே ஒழுங்கமைவு இல்லாத கோல்களும் இரட்டை ஒளிவிலகல் காட்டும். கரைப்பானின் ஒளிவிலகல் எண்ணை மாற்றிப் பார்த்து இப்பங்கைப் பிரித்தறியலாம்.
* துகளின் அடையாளம்: இம்முறை துகளின் நீளத்தைக் காட்டுமேயன்றி, அது ஒரே மூலக்கூறா பலவற்றின் கூட்டா என்பதைக் காட்டாது. வீழ்படிவாக்கல், ஒளிச்சிதறல், மீவேக மையவிலக்கம் போன்ற பிற முறைகளோடு இணைத்தே முடிவுக்கு வர வேண்டும்.

இன்றைய பயன்பாடு

மின்னணு நுண்நோக்கி, எக்சு-கதிர்ப் படிகவியல் ஆகியவை வளர்ந்தபின், தனிப் புரதத்தின் வடிவை அறிய இம்முறையை நாடும் தேவை குறைந்துவிட்டது. ஆயினும் புரத இழைகள் உருவாகும் வேகத்தைப் பின்தொடரவும், பல்படிமக் கரைசல்களின் பாய்வை ஆராயவும் இது பயன்படுகிறது. பிசுக்குமை அளவீட்டுக்கு மருந்துத் துறையில் புதிய தேவை எழுந்துள்ளது. தோலின் கீழ் ஊசி வழியே செலுத்தப்படும் எதிர்ப்புரத மருந்துகளில் ஒரு மில்லிலிட்டருக்கு 100 மில்லிகிராமுக்கும் கூடுதலான புரதம் இருப்பதுண்டு. அச்செறிவில் மூலக்கூறுகள் ஒன்றையொன்று ஈர்த்துக் கூட்டுச்சேர்ந்தால் கரைசல் ஊசியில் ஏற இயலாத அளவு கெட்டியாகிவிடும். கரைசல் கெட்டியாவது ஒவ்வொரு மூலக்கூற்றின் வடிவாலா, அவை கூடிச்சேர்வதாலா என்பது இங்கும் விடை காண வேண்டிய வினாவாக உள்ளது.